கழுவக் கோப்பை இல்லாத நாள்

மூன்று நாள் மழை.
புணானையில் வீதியை வெள்ளம் குறுக்கறுத்தது.
கொழும்பிலிருந்து வரவேண்டிய கல்யாணக் கூட்டம் வரவில்லை.
நான்காம் நாள் ஜெனரேட்டரும் படுத்துவிட்டது.
பாசிக்குடா ஹோட்டலின் குளிர் அறைக்குள்
இறாலும் கணவாயும்
தாங்கள் யாரென்று மெல்ல மணக்கத் தொடங்கின.

எல்லாவற்றையும் சமைப்போம் என்றாள் ரோவெனா.
மணிலாவுக்கும் அப்பால் ஏதோ தீவுக்காரி,
துபாயில் பதினொரு வருஷம் சட்டி பிடித்தவள்.
எங்கள் தமிழில்
உறைப்பு, காணும், ஓடு,
மூன்றே சொல் தெரியும்.

யோகமலர் விரிப்புகளை அயன் பண்ணும் நீள மேசையைப்
பின்வளவுத் தகரக் கொட்டிலுக்குத் தூக்கி வந்தோம்.
மேலே வாழையிலை. நடுவில் முதுகெலும்பாய்ச் சோறு.
இரு கரையிலும் பாரை, நண்டு, சுட்ட கத்தரி,
உப்பு முட்டை, மாங்காய்,
வினாகிரியில் ஊறிய கொச்சிக்காய்.
பன்றி இல்லை ஜவ்பர், என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
எனக்கென்ன,
ஓட்டமாவடிக் கல்யாணங்களில்
ஒரு சஹனுக்கு ஆறு பேராய்க் குந்தித் தின்று வளர்ந்த கை.
ஆனால் இங்கே குந்தக் கூடாதாம்.
கதிரை இல்லை. கரண்டி இல்லை.
நின்றபடி, தோளோடு தோள்.

இது பட்டாளத்துச் சாப்பாடு என்றாள்.
அவளுடைய தகப்பன் சார்ஜன்ட்.
அதிகாரியும் சிப்பாயும் ஒரே இலையில்,
முந்தினவனுக்கு மீன், பிந்தினவனுக்கு முள்.
பெயரிலேயே சண்டை இருக்கிறதாம்.
அதை நான் தமிழாக்கினேன்,
கேஷியர் சிங்களமாக்கினான்.
பட்டாளம் என்ற சொல் மேசையை ஒருமுறை சுற்றிவந்து
ஒருவரும் எடுக்காத மீன்தலை மாதிரிக் கிடந்தது.

பிறகு இடுப்பில் கை ஊன்றி
சூட்டுப் பயிற்சித் திடல் குரலில் கத்தினாள்:
வலப்பக்கம் தயார்!
இடப்பக்கம் தயார்!

சிரித்தோம், பதினாலு பேர்.
சிரிக்காதவர்கள் இரண்டு பேர்.

வாசல் காவல் திலகசிறி, வெலிக்கந்தைக்காரர்,
குதிகால்கள் தாமாக ஒட்டிக்கொண்டன.
எதிரே யோகமலர், கதிரவெளி,
ஆறு வருஷமாய் விரிப்பு மடிப்பவள்,
தையல் மெஷினில் போனதென்று சொல்லும் அரை விரல்.
இடது காலை அரை அடி பின்னே வைத்து
மூச்சைப் பாதியில் நிறுத்தியிருந்தாள்.

விளங்கிவிட்டது,
அவருக்கு அவளை, அவளுக்கு அவரை.
எனக்கு இருவரையும். கேட்காமல் வந்த விளக்கம்.
எங்கள் வீட்டிலும் ஒரு கதை உண்டு,
அதை இந்த மேசையில் வைக்க மாட்டேன்.

தொடங்கு!

பதினாலு கை பாய்ந்தது. இரண்டு பிந்தியது.

அவரவர் கரையிலிருந்து தோண்டித் தோண்டி
இருவருக்கும் நடுவே சோற்றில் ஒரு வரம்பு மிஞ்சிற்று.
கயிறு பிடித்து வெட்டினாற்போல நேர்.
திலகசிறி ஒரு இறாலை உரித்தார்.
நேரமெடுத்து உரித்தார்.
வரம்பின் மேல் வைத்தார்.
தனக்கா, அவளுக்கா, சொல்லவில்லை.
யோகமலர் அதைப் பார்த்தபடியே மாங்காய் தின்றாள்.
ஓடு, ஓடு, என்று வந்த ரோவெனா
இறாலையும் வரம்பையும் ஒரே பிடியில் அள்ளி
வாயில் போட்டுக்கொண்டு போனாள்.

அப்போது யோகமலர் சிரித்தாள்.
சத்தமில்லை, மூக்கால் மட்டும்.
திலகசிறி குனிந்து முட்டை தேடினார்.

இலை மடிக்கையில்தான் சிக்கல்.
நல்ல வீட்டில் தன் பக்கம்,
செத்த வீட்டில் எதிர்ப் பக்கம்,
அவளே ஒருமுறை எனக்குச் சொன்னது.
இங்கே இரண்டு பக்கமும் ஆள்.
தன் பக்கம் மடித்தால் அவருக்கு அது செத்த வீடு.
கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு நுனியிலிருந்து நீளவாக்கில்
பாய் சுருட்டுவது போலச் சுருட்டி
என் கையில் தந்தாள்.

மழை விடவில்லை.
வாளியோடு நிற்கிறேன்,
எட்டு வருஷத்தில் முதல்முறையாகக்
கழுவ ஒரு கோப்பையும் இல்லை.
கைகள் மட்டும்தான்.
பைப்படியில் வரிசை.
முன்னால் அவள், அடுத்தாற்போல் அவர்,
சவர்க்காரத் துண்டு
ஒன்றே ஒன்று.